தமிழ்த் தாத்தாவின் தந்தையார்

வடபுலத்து நகரங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் யாவும் அறிந்த தொல்லை ஒன்று உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போதும், ‘உங்கள் குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்பார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. பெயருக்கு முன்னே ஓர் எழுத்தோ ஈரெழுத்தோ நிற்கும். ஒன்று ஊரைக் குறிக்கும், மற்றொன்று தந்தையைக் குறிக்கும். அவ்வெழுத்தை விரித்து எழுதினால் தந்தையின் பெயரே மகனுடைய பெயராகி, அலுவலகத்தில் எல்லோரும் நம்மை நம் தந்தையின் பெயரால் அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் இது நமக்கு நகைப்பைத் தரும். சற்றே எண்ணிப் பார்த்தால், நாம் மறந்திருந்த ஒருவரை நாள்தோறும் நமக்கு நினைவூட்டும் ஏற்பாடாகவும் இது தோன்றும்.

தமிழ்நாட்டில் யாவரும் அறிந்த இரண்டு முதலெழுத்துகள் உண்டு. உ.வே. என்று தொடங்கிய உடனேயே சாமிநாதையர் என்று நம் நா தானே முடித்துவிடும். ‘உ’ என்பது உத்தமதானபுரம். ‘வே’ என்பது வேங்கடசுப்பையர். பின்னால் வரும் பெயரை உலகம் போற்றுகிறது. முதலெழுத்தாகிய ஊரையும் அவருடைய வரலாற்றைப் படித்தவர்கள் ஓரளவு அறிவார்கள். இடையில் நிற்கும் ‘வே’ என்ற அந்த ஓரெழுத்துக்கு உரியவரை நினைப்பவர் சிலரே. அவரைப் பற்றிச் சில செய்திகளை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

அவரைப் பற்றி நாம் அறிவனவற்றுள் பெரும்பகுதி மகனார் எழுதிவைத்த ‘என் சரித்திர’த்தின் வாயிலாகக் கிடைப்பதே. அந்நூல் 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 1942 ஏப்ரல் 28ஆம் நாள் ஐயரவர்கள் மறைந்தபோது, 1898ஆம் ஆண்டை ஒட்டிய செய்திகளோடு அது நின்றுவிட்டது. 1950இல் நூலாக வெளிவந்தது. எண்பத்தைந்து வயதைக் கடந்த ஒருவர் தம் இளமைக் காலத்துத் தந்தையை நினைந்து எழுதியது அது. அன்பு மிகுந்த கண்ணால் பார்த்த பார்வை என்பதை மறவாமல் அதனை நாம் படிக்க வேண்டும். ஆயினும் அக்கண் கூரிய கண். வறுமையை அது மறைக்கவில்லை. தந்தையின் விருப்பமும் மகனின் விருப்பமும் வேறுபட்ட இடங்களையும் மறைக்கவில்லை.

உத்தமதானபுரம் திருவாரூர் மாவட்டத்தில் பாபநாசத்திற்கு அருகில் உள்ள சிற்றூர். ஏகாதசி நாளில் மறதியாகத் தாம்பூலம் தரித்துவிட்ட தஞ்சை அரசர் ஒருவர், அக்குற்றத்திற்குக் கழுவாயாக அந்தணர்க்கு வழங்கிய ஊர் என்று அதன் பெயர்க்காரணத்தைச் சொல்வார்கள். தானமாகப் பிறந்த ஊரானாலும் வேங்கடசுப்பையர் காலத்தில் அக்குடும்பத்துக்கு அங்கே நிறைவான வருவாய் இல்லை. உழைத்தால்தான் உணவு. அவர் கற்ற தொழிலோ இசை.

அவருக்கு இசையில் ஆசிரியராக அமைந்தவர் உறவினரான கனம் கிருஷ்ணையர். கனமார்க்கம் என்னும் அரிய முறையில் வல்லவராய், உடையார்பாளையம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கிப் பதங்கள் பல இயற்றியவர். அவருடன் இருந்து பணிவிடை புரிந்து, கேட்டுக் கேட்டுப் பயின்ற குருகுலக் கல்வி வேங்கடசுப்பையருடையது. பிற்காலத்தில் 1936இல் சாமிநாதையர் கனம் கிருஷ்ணையரின் வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். தந்தை வாயிலாகக் குடும்பத்தில் வழங்கிவந்த செய்திகள் இல்லையேல் அந்நூல் உருவாகியிராது என்றே எண்ணுகிறோம்.

பெரிய வித்துவானிடம் பயின்றவர் எனினும் வேங்கடசுப்பையருக்குச் சமஸ்தானப் பெருவாழ்வு வாய்க்கவில்லை. ஊர் ஊராகச் சென்று இராமாயணக் கதையை இசையோடு சொல்லிப் பொருள் ஈட்டினார். இத்தகைய காலட்சேபம் இரண்டொரு நாளில் முடிவதன்று. ஓர் ஊரில் தங்கி இரவுதோறும் கதை சொல்லிச் சில மாதங்கள் கழித்துப் பட்டாபிடேகத்தோடு நிறைவு செய்வார்கள். அந்நிறைவு நாளில் ஊரார் கூடிக் கொடுக்கும் பொருளே அத்தனை நாள் உழைப்பின் ஊதியம். இடையில் வீடும் நெல்லும் காய்கறியும் ஊரிலுள்ள செல்வர்களின் அன்பைப் பொறுத்தன. மழை பொய்த்தால் வேளாளரின் கை தாழும். வேளாளரின் கை தாழ்ந்தால் பாகவதரின் அடுப்பும் தாழும். மாதச் சம்பளம் வாங்கி வாழும் நமக்கு அந்நிலையில்லாமையின் கனம் எளிதில் விளங்காது.

இந்த வாழ்க்கைக்கு நடுவே அவர் ஒரு நாளும் தவறவிடாதது சிவபூசை. எந்த ஊரில் தங்கினாலும், அவ்வூரில் எந்த வீட்டின் ஒரு பகுதி கிடைத்தாலும், பூசைக்குரிய இடம் முதலில் அமையும். விடியற்காலையில் எழுவதும் நீராடுவதும் இறைவனை வழிபடுவதும் அவருக்கு மூச்சு விடுவதைப் போன்ற செயல்கள். வருவாய் இருந்த நாளில் வழிபாடு விரிந்ததும் இல்லை. இல்லாத நாளில் சுருங்கியதும் இல்லை. அவருடைய பக்தியைப் பற்றி நாம் சிறப்பாக எண்ண வேண்டியது இதுவே. செல்வம் வந்தபின் கோயில் எடுப்பது ஒருவகை. நாளைக்கு அரிசி உண்டா என்று தெரியாத வீட்டில் இன்றைய பூசையை அமைதியாகச் செய்து முடிப்பது மற்றொரு வகை. அவ்வமைதி பிள்ளையின் உள்ளத்திலும் இறங்கியது. ஏட்டுச் சுவடியைத் தேடி ஊரூராய் அலைந்த காலத்தில் மகனுக்குத் துணைநின்ற பொறுமையின் ஊற்றுக்கண் அங்கேதான் இருந்தது என்பது நம் கருத்து.

சாமிநாதையர் 1855 பிப்ரவரி 19ஆம் நாள் தாய்வழிப் பாட்டனாரின் ஊராகிய சூரியமூலையில் பிறந்தார். இட்ட பெயர் வேங்கடராமன். வீட்டில் சாமிநாதன் என்று அழைத்தார்கள். பிள்ளை வளர வளர, தந்தைக்கு இயல்பான ஓர் ஆசை பிறந்தது. கனம் கிருஷ்ணையர் வழியில் வந்த இசை தம் மகனிடம் தொடர வேண்டும் என்பது அவ்வாசை. இசைக்குத் துணையாகத் தெலுங்கும் வடமொழியும் பயில்வது நலம் என்றும் அவர் நினைத்தார். பிள்ளையின் மனமோ தமிழிலே சென்று படிந்தது. மற்றவை நாவில் நின்றன. தமிழ் நெஞ்சில் நின்றது.

இவ்விடத்தில் அக்காலச் சூழலை நினைத்துப் பார்க்க வேண்டும். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. ஆங்கிலம் கற்றவர்க்கு அரசாங்க அலுவல் காத்திருந்தது. உறவினர் சிலர், ஆங்கிலம் படித்தால் இம்மைக்குப் பயன் உண்டு, வடமொழி படித்தால் மறுமைக்குப் பயன் உண்டு, தமிழ் படித்தால் எதற்குப் பயன் என்ற பொருள்படப் பேசினார்கள். அவர்கள் தீயவர்கள் அல்லர். நலம் நாடியே சொன்னார்கள். தில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் வாழ்ந்த நம் குடும்பங்களில் இதே வினாவை நாமே கேட்டிருக்கிறோம். இந்தியும் ஆங்கிலமும் போதாவா, தமிழ் எழுத்தைக் கற்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுவிட்டு, விடை சொல்ல நேரமின்றி அலுவலகத்துக்கு விரைந்திருக்கிறோம்.

வேங்கடசுப்பையர் அவ்வினாவுக்குச் சொல்லால் விடை சொல்லவில்லை. குடிபெயர்ந்து விடை சொன்னார். அரியிலூரில் சடகோபையங்கார் என்ற தமிழறிஞர் இருந்தார். அவ்வூரில் குடும்பம் தங்கிற்று. குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை தமிழ் சொல்லக்கூடியவர், குன்னத்துக்குச் சென்றார்கள். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார் நன்னூலில் வல்லவர் எனக் கேட்டுக் கார்குடிக்குச் சென்றார்கள். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பிலக்கணம் சொல்வார் என அறிந்து அங்கும் சென்றார்கள். இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அடங்கும் ஊர்கள் இவை. தஞ்சைப் பக்கத்திலிருந்து அங்கே செல்லக் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு 1862இல் இருப்புப்பாதை முடிந்திருந்தாலும், இக்குடும்பம் திரிந்த சிற்றூர்களுக்கு அதனால் பயன் இல்லை. நடையும் மாட்டு வண்டியுமே கதி.

இசைக்கதை சொல்வோர் வருவாய் மிகுந்த ஊரை நாடிச் செல்வதே இயல்பு. வேங்கடசுப்பையர் மகனுக்குத் தமிழாசிரியர் கிடைக்கும் ஊரில் தமக்கும் வாழ வழி உண்டா என்று பார்த்தார். முதலில் ஆசிரியர், பிறகு அடுப்பு. நம்மில் பெரும்பாலோர் வேலை கிடைத்த ஊருக்குச் சென்று, பின்னர் அங்கே பள்ளி உண்டா என்று பார்த்தவர்கள். அவர் வரிசையை மாற்றி வைத்தார். அவருடைய வாழ்க்கையில் நாம் காணும் பெருமை இம்மாற்றத்தில் இருக்கிறது.

இவ்வலைச்சலில் பாதிச் சுமையைச் சுமந்தவர் சரசுவதி அம்மாள். ஓர் ஊரில் வீட்டை ஒழுங்கு செய்து முடிப்பதற்குள் மற்றோர் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். பூசைக்கும் விருந்துக்கும் பிள்ளையின் உணவுக்கும் இருப்பதைக் கொண்டு வழிசெய்தவர் அவர். தந்தையின் பெயருக்கு முதலெழுத்தாக நிற்கும் பேறேனும் கிடைத்தது. தாயின் பெயருக்கு அதுவும் இல்லை. குடும்பத் தலைவரைப் போற்றும்போது, தலைவர் என்ற சொல் மறைத்துவிடும் உழைப்பையும் சேர்த்தே போற்றுவது நேர்மை.

1868இல் மகனுக்குத் திருமணம் நடந்தது. அக்கால வழக்கப்படி மணமகனுக்குப் பதின்மூன்று வயது. மணம் முடிந்தபின் மகனை ஏதேனும் ஒரு தொழிலில் அமர்த்திக் குடும்பச் சுமையைப் பகிர்ந்துகொள்ளச் செய்திருந்தால் எவரும் குறைசொல்லியிரார். தந்தை அவ்வாறு செய்யவில்லை. செங்கணத்து விருத்தாசல ரெட்டியார், தம்மிடம் கற்பதற்கு மேலும் கற்க வேண்டுமானால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடமே செல்ல வேண்டும் என்று வழிகாட்டினார். தம்மிடம் வந்த நல்ல மாணாக்கரைத் தம்மினும் பெரியவரிடம் அனுப்பும் ஆசிரியர் உள்ளம் பெரிது. அச்சொல்லை ஏற்று மகனை அழைத்துக்கொண்டு மாயூரத்துக்குப் புறப்பட்ட தந்தை உள்ளமும் அதற்குக் குறைந்தது அன்று.

1871ஆம் ஆண்டு மாயூரத்தில் நிகழ்ந்த அச்சந்திப்பைத் தமிழிலக்கிய வரலாற்றின் திருப்புமுனை என்று சொல்லலாம். மகாவித்துவானுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. மகன் பாடல் சொல்லிக் காட்டினான். பிள்ளையவர்கள் மகிழ்ந்தாலும் உடனே உடன்படவில்லை. மாணாக்கர் பலர் ஆவலோடு வருகிறார்கள், சிறிது காலம் இருந்துவிட்டுச் சென்றுவிடுகிறார்கள் என்னும் வருத்தம் அவருக்கு இருந்தது. தந்தை, எத்தனை காலமானாலும் மகனைத் தங்களிடமே விட்டுவைக்கிறேன் என்ற உறுதியைத் தந்தார்.

அடுத்து உணவைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஆசிரியர் சைவ வேளாளர். மாணாக்கன் அந்தண குலத்துப் பிள்ளை. அக்கால ஆசாரப்படி ஆசிரியர் இல்லத்தில் உண்ண இயலாது. வேறிடத்தில் உணவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். அப்பொறுப்பைத் தந்தை ஏற்றுக்கொண்டார். கையில் இல்லாத பணத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, அதனை ஈட்ட மீண்டும் ஊர் ஊராய்ச் சென்றார்.

இந்நிகழ்ச்சியை நாம் இன்று படிக்கும்போது இரண்டு எண்ணங்கள் எழுகின்றன. உணவில் வேற்றுமை பாராட்டிய அவ்வழக்கத்தை இன்று நாம் ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. அதே வேளையில், ஆசாரத்தில் சிறிதும் தளராத ஒரு தந்தை, கல்வி என்று வந்தபோது சாதி பாராமல் தம் மகனை அடைக்கலமாக ஒப்புவித்து, ஆசிரியரைத் தெய்வமாகக் கருதச் செய்தார். பழைய கட்டும் புதிய நெகிழ்ச்சியும் ஒரே மனிதரிடம் சேர்ந்தே இருந்தன. முன்னோரை முழுதும் போற்றுவதும் முழுதும் பழிப்பதும் எளியன. அவர்கள் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்று அளப்பதுதான் வரலாறு.

மகனை மாயூரத்தில் விட்டுத் தந்தை விடைபெற்றுச் சென்றார். அவருக்கு இன்னும் ஓர் ஆறுதல் இருந்தது. நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்திலேயே இருந்தார், வேங்கடசுப்பையரை அறிந்தவர். தமிழைப் பிள்ளையவர்களிடமும் இசையைப் பாரதியாரிடமும் மகன் கற்பான், இரண்டும் கைகூடும் என்று தந்தை மனம் மகிழ்ந்தது. மகனும் பாரதியாரிடம் சென்று கீர்த்தனங்களைப் பயிலத் தொடங்கினான்.

சில காலத்தில் இது மகாவித்துவானின் செவிக்கு எட்டியது. இசையில் மனம் செலுத்தினால் இலக்கண இலக்கியங்களில் ஆழ்ந்து செல்ல முடியாது என்பது அவர் கருத்து. அக்கருத்தை அறிந்த மாணாக்கர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். சுருக்கமான செய்திதான். தந்தையின் பக்கத்திலிருந்து அதனைப் பார்த்தால் அதன் கனம் தெரியும். கனம் கிருஷ்ணையரிடம் குருகுலவாசம் செய்து பெற்ற செல்வம், பாதி வாழ்நாள் ஊரூராய்ப் பாடிக் காத்த செல்வம், தம் மகனோடு தொடராமல் நிற்கப்போகிறது. அவர் நினைத்திருந்தால், இசையை விடாதே என்று கட்டளையிட்டிருக்கலாம். அவர் காலத்தில் தந்தை சொல்லை மறுக்கும் மகன் இல்லை. அவ்வாறு அவர் கட்டளையிடவில்லை. தம் பரம்பரைச் செல்வத்தை மகன் பெறாவிட்டாலும், மகன் நாடிய செல்வத்தை அவன் பெறட்டும் என்று விட்டுக்கொடுத்தார். தமிழ் அவருக்குக் கடன்பட்டது இவ்விடத்திலேதான்.

பின்னர் நிகழ்ந்தவற்றை நாடறியும். மகாவித்துவானிடமும் திருவாவடுதுறை ஆதீனத்திலும் கல்வி வளர்ந்தது. 1876 பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்த பின்னும், சுப்பிரமணிய தேசிகர் ஆதரவில் அது தொடர்ந்தது. 1880இல் தியாகராச செட்டியாரின் முயற்சியால் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய் மாதச் சம்பளத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. பட்டாபிடேக நாளை எதிர்நோக்கி வாழ்ந்த குடும்பத்துக்கு முதன்முறையாக மாதந்தோறும் தவறாத வருவாய் வந்தது. தமிழ் படித்தால் எதற்குப் பயன் என்று கேட்ட உறவினர்க்குக் காலம் சொன்ன விடை அது.

அவ்விடை ஐம்பது ரூபாயோடு முடியவில்லை. 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று ஒன்றன்பின் ஒன்றாக, ஏட்டில் மறைந்து கிடந்த நூல்கள் அச்சில் ஒளிபெற்றன. நாட்கணக்கில் நடந்து சென்று அறியாத ஊரில் அறியாத வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, பரணில் கிடக்கும் சுவடியைக் கேட்டுப் பெறும் பழக்கம் அவருக்குப் புதியதன்று. இளமையில் தந்தையின் பின்னே ஊர் ஊராய்ச் சென்ற கால்கள் அவை. யாரிடம் எவ்வாறு பேசினால் கதவு திறக்கும் என்று காலட்சேபக்காரரின் மகன் அறிந்திருந்தார். கைவிட்ட இசையும் முற்றிலும் அகலவில்லை. சங்கீத வித்துவான்களைப் பற்றி அவர் எழுதிய நூல்களிலும் கட்டுரைகளிலும் தந்தையின் செவி இருக்கிறது.

இத்தகைய தந்தையர் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். ஊரில் நிலம் போதாமல் தகரப் பெட்டி ஒன்றோடு இரயிலேறி, மொழி அறியாத நகரத்தில் இறங்கி, எழுத்தராகவோ தட்டெழுத்தாளராகவோ தொழிலாளியாகவோ உழைத்தார்கள். சுவரில் ஒரு படத்தை மாட்டி, விளக்கேற்றி, அதன் முன்னே நாள்தோறும் நின்றுவிட்டுப் பணிக்குச் சென்றார்கள். மாலையில் களைத்து வந்தும், அகல் வெளிச்சத்தில் கற்ற அரிச்சுவடியை மின்விளக்கின் கீழ் நமக்குக் கற்பித்தார்கள். அவர்களுள் எவர் மகனும் ஒரு சாமிநாதையராக வளரவில்லை என்று குறைப்பட வேண்டியதில்லை. வேங்கடசுப்பையரும் தம் மகன் தமிழ்த் தாத்தா ஆவார் என்று அறிந்து ஊர் மாறவில்லை. பிள்ளை தமிழை விரும்புகிறான் என்ற ஒன்றை மட்டுமே அறிந்து ஊர் மாறினார்.

இனி ஏதேனும் ஒரு படிவத்தில் நம் பிள்ளைகள் முதலெழுத்தை விரித்து எழுத நேரும்போது, அவ்வெழுத்துக்கு உரியவர் யார், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எதற்காக வந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்லுவோம். சொல்வதற்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்கள் வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எண்பத்தைந்து வயதில் மகன் எழுதி வைத்ததனால்தான் ‘வே’ என்ற ஓரெழுத்து இன்று நமக்கு ஒரு மனிதராகக் காட்சி தருகிறது.